தவில் இல்லாத நாதஸ்வரம்

அத்தியாயம் ஐந்து

டென்மார்க்கின் யூலாண்ட் முழுவதிலும் நாதஸ்வரம் ஊதத் தெரிந்த தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் ஹோர்சன்ஸில் இருந்தார். ஆகவே 2009 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை காலை, நீக்கிலாஸின் டாக்சி ஹேர்னிங்கிலிருந்து கிழக்கே பறந்தது. பறந்தது என்பது ஒரு மரியாதைக்கு. அந்த வண்டி ஆறு லட்சம் கிலோமீற்றர் ஓடி முடித்து, இப்போது ஓய்வூதியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள்.

பின் இருக்கையில் விமலராணி. நீக்கிலாஸின் மனைவிக்கு அக்கா, முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. எண்பது டேனிஷ் கிழவர்களின் நூற்றறுபது கறுப்புக் காலுறைகளை, பெயர் எழுதாமலேயே, உரிய காலில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். ஒரு கிழவர் இறந்து மூன்றாம் நாள் அவருடைய இடது காலுறையைக் கண்டுபிடித்து, பெட்டியை மூடுமுன் மாட்டிவிட்டாள் என்று ஒரு கதை. நீக்கிலாஸ் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவனைப் போலவே பலருக்குச் சொல்லியிருக்கிறான். ஹேர்னிங் தமிழர்கள் எதையாவது தொலைத்தால் அவளிடம்தான் வருவார்கள். தாலிக்கொடி, கடவுச்சீட்டு, ஒருமுறை ஒரு மாப்பிள்ளை.

இந்த முறை தொலைந்திருந்தது ஒரு பெயர்.

தொலைத்தவள் விமலராணியின் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தாள். சரோஜினிதேவி. எட்டு வருடத்துக்கு முன் கணவனிடம் டென்மார்க் வந்தபோது மகன் சிந்துஜனுக்குப் பத்தொன்பது வயது. பதினெட்டு தாண்டிய பிள்ளை பிள்ளையல்ல என்று சட்டம் சொன்னதால் அவன் கிளிநொச்சியில் நின்றுவிட்டான். யுத்தம் முடிந்து மூன்று வாரம். பிள்ளை இருக்கிறானா என்றே தெரியாதிருந்தவளுக்கு முந்தாநாள் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. அகதி முகாமிலிருந்து வயதைக் காட்டி வெளியே விட்ட ஒரு சங்கீத ரீச்சர் சொன்ன செய்தி.

"மச்சாள், அதைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ," என்றான் நீக்கிலாஸ். "துப்புத் துலக்கிற வண்டிக்கு ஒரு பின்னணி வேணும்."

விமலராணி தாளைப் பிரித்தாள். "'சிந்துஜன் மே இருபத்திமூண்டு, சனிக்கிழமை பின்னேரம் ஒருத்தரிட்டை ஃபோன் இரவல் வாங்கி டென்மார்க் நம்பருக்கு எடுத்தவர். சொந்தப் பேர் சொல்லப் பயந்து வேறை பேரில பதிஞ்சிருக்கிறாராம். அந்தப் பேரை ஃபோனில சொல்லிப்போட்டன், அம்மாவுக்குப் போய்ச் சேரும் எண்டவர். எனக்குச் சொல்லேல்லை. அங்கால நாதஸ்வரம் கேட்டுது. டென்மார்க்கில ஆருக்கோ கலியாணம் ரீச்சர் எண்டு சிரிச்சு, என்ர காதிலயும் வைச்சார். அடுத்த நாள் பஸ்ஸில வேறை முகாமுக்கு ஏத்திப்போட்டினம்.'"

"நாளைக்குக் காலமை ஒரு ஃபாதர் அந்த முகாமுக்குப் போறார்," என்றாள் சரோஜினிதேவி. ஏழாவது தடவையாகச் சொன்னாள். "பதிஞ்ச பேர் இருந்தால்தான் தேடலாமாம். இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையில சொல்லவேணும். இல்லாட்டி அவரைத் திரும்ப எப்ப விடுவாங்களோ தெரியாது."

டென்மார்க் நம்பர் என்பது ஒரே ஒரு கைத்தொலைபேசி. தமிழர் ஒன்றியத் தலைவர் மகேந்திரராசாவிடம் இருந்தது. 'பொ. மகேந்திரராசா, டென்மார்க்' என்று எழுதி, கீழே அந்த நம்பரைப் போட்ட துண்டுகள் வன்னிக்குள் கைமாறிப் போயிருந்தன. உயிர் தப்பியவர்கள் எடுத்தால் அவர் குறித்துக்கொண்டு உறவினருக்குச் சொல்வார். இருபத்திமூன்றாம் திகதி ஒரு அழைப்பும் வரவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். கிறிஸ்து விண்ணேறிய நாளுக்கு டென்மார்க் முழுவதும் நாலு நாள் விடுமுறையில் ஊர் சுற்றப் போனபோது, தான் வீட்டைப் பூட்டி, பச்சைத் தண்ணீரும் ஃபோனுமாகக் கிடந்ததாகச் சொன்னார். நாதஸ்வரச் செய்தி அவரைக் கொதிக்க வைத்திருந்தது. யுத்தம் உக்கிரமானதும் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் தடை போட்டவர் அவர். பெப்ரவரியில் நீக்கிலாஸின் மகளுக்குக் கேக்கில் மெழுகுதிரி கொளுத்தியதைக் கேள்விப்பட்டு நேரே வந்து, ஏழு திரியையும் இரண்டு விரலால் அணைத்துவிட்டுப் போனார். ஒரு துண்டுக் கேக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர்தான் நேற்று விமலராணியைக் கூப்பிட்டு, "சனம் செத்துக்கொண்டிருக்க நாதஸ்வரம் ஊதிக் கலியாணம் செய்த துரோகி ஆரெண்டு கண்டுபிடி," என்று கட்டளையிட்டிருந்தார்.

---

நாதஸ்வரக்காரர் சபாரத்தினம் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கூப்பிவிட்டார்.

"நானோ? தங்கச்சி, என்ர நாதஸ்வரத்தின்ர சீவாளி வெடிச்சு நாலு மாசம். தடை எண்ட பிறகு புதுசு எடுப்பிக்கவுமில்லை. இந்த வீட்டில ஒருக்கா ஊதிப் பார்த்தனான். கீழ் வீட்டு டேனிஷ்காரி அபாயச் சங்கெண்டு நினைச்சு பூனையையும் புருசனையும் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப்போட்டாள். மூண்டாம் நாள்தான் ஏறி வந்தவை. பூனை வரேல்லை, அதுக்கு அங்க பிடிச்சுப்போச்சு."

"கசெற்றில போட்டிருப்பினமோ?"

"போடலாம். ரீச்சர் கேட்டது என்னெண்டு சொன்னவ?"

விமலராணி தாளைப் பார்த்தாள். "நாதஸ்வரம் கொஞ்சம் ஊதிச்சாம். நிண்டுதாம். பின்னால ஆட்டைக் கழுத்தில பிடிச்ச மாதிரி ஒரு இழுவையாம். பிறகு திரும்ப நாதஸ்வரமாம். மத்தியமாவதி மாதிரித் தொடங்கி எங்கேயோ வழி தவறிப்போச்சுதாம்."

"தவில்?"

"தவில் இல்லையாம்."

சபாரத்தினம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சங்கீத ரீச்சர் எண்டனீங்கள், என்ன? நல்லாக் கேட்டவவோ?"

"தவில் இல்லை எண்டதை ரெண்டு தரம் சொன்னவவாம்."

"தங்கச்சி, தவில் இல்லாமல் நாதஸ்வரம் வெளிக்கிடாது. செத்த வீட்டுக்கும் வெளிக்கிடாது. கசெற்றிலயும் தவில் இருக்கும். அது எங்கட ஆக்கள் இல்லை." அவர் கண்ணை மூடி ஒரு கணம் எதையோ கேட்டார். "பாரிசில தேருக்கு ஊதப் போனனான். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் கூட்டத்தை இடிச்சுக்கொண்டு வந்து, சட்டைப் பையில இருந்து முழங்கை நீளத்தில ஒரு கறுப்புக் குழலை எடுத்தான். எங்கட நாதஸ்வரத்துக்குச் சின்ன வீட்டுப் பிள்ளை! அதே சத்தம். மூச்சு வாங்குதெண்டு ஊதி ஊதி நிப்பாட்டுவான். அவன் நிப்பாட்ட, பக்கத்தில ஒருத்தன் கக்கத்தில தோல் பையை வைச்சு அமத்துவான். ஆடு கத்தினமாதிரி."

"எந்த ஊர்க்காரன்?"

"பிரெத்தானி எண்டான். பிரான்சின்ர மேற்குக் கோடி. பழைய ஊருகளாம், கோட்டை மதிலாம், பெரிய வேதக் கோயிலாம். ஊர் பார்க்க வாற ஆக்களுக்குக் கோயில் வாசலில நிண்டு ஊதுவினமாம்."

நீக்கிலாஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப கலியாணமும் இல்லை, துரோகியும் இல்லை. ஃபோன் எடுத்தவர் பிரான்சில புதினம் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறார்."

"ஃபோன் ஆரின்ர கையில இருந்தது?" என்றாள் விமலராணி.

சரோஜினிதேவி மெல்ல, "அவர் பச்சைத் தண்ணியோட கிடந்தவர் எண்டெல்லோ…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

---

திரும்பி ஹேர்னிங் வந்ததும் விமலராணி பத்து நிமிடம் நூலகத்துக்குள் போய், ஒரு சுற்றுலாப் புத்தகத்துடன் வந்தாள். மகேந்திரராசா வீட்டு வாசலுக்கு வரும்வரை படம் பார்த்தாள்.

"சரோ அக்கா, நீங்கள் காருக்குள்ள இருங்கோ. உங்களைக் கண்டால் அவரின்ர மனிசி தவமணி வாய் திறக்கா. நீக்கிலாஸ், நீ வா. ஆனால் வாயைக் கார்ல வைச்சிட்டு வா."

"அது வண்டியோட சேர்ந்து வாறது, மச்சாள். கழட்டேலாது."

மகேந்திரராசா அஞ்சலிக் கூட்டம் நடத்த மண்டபத்துக்குப் போயிருந்தார். கூட்டம் இரண்டு மணிக்கு. மனைவி தவமணிதேவிக்கு முழங்கால் நோ, வீட்டில் இருந்தாள். தேத்தண்ணி வந்தது. கூடவே உழுந்து வடை வந்தது. வடை இருந்த கோப்பைக்கு இரண்டு பக்கமும் காது. உள்ளே தொளதொளத்த காற்சட்டையும் வட்டத் தொப்பியும் போட்ட ஒரு சித்திர மனிதன்.

விமலராணிக்குத் தொழில் பழக்கம். எதையும் திருப்பிப் பார்ப்பாள். கோப்பையை அப்படியே கவிழ்த்தாள். வடைகள் மேசையில் உருண்டன. ஒன்றை நீக்கிலாஸ் விழுமுன் காப்பாற்றி விழுங்கினான். கோப்பையின் அடியில் ஊரின் பெயர் இருந்தது. கெம்பேர். சுற்றுலாப் புத்தகத்தில் பிரெத்தானிப் பக்கத்தில் அவள் பார்த்த ஊர்.

"தெரிஞ்ச ஆக்கள் தந்தவை," என்றாள் தவமணிதேவி அவசரமாக.

விமலராணி கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். மிரட்டவில்லை. மிக அன்பாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஊர்ப் பெரிய கோயில் உள்ளுக்குக் கோணலாம் எண்டு சொல்லுகினம். உண்மையோ தவமணி அக்கா?"

இந்த இடத்தில் வாசகர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழர் ஊர் சுற்றிப் பார்ப்பது, பார்ப்பதற்காக அல்ல. திரும்பி வந்து, நாலு குடும்பத்தைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மூன்று மணித்தியாலம் வீடியோ காட்டுவதற்காக. காட்ட முடியாத பயணம், ஏப்பம் வராத விருந்து. அது உள்ளேயே கிடந்து ஊதும். தவமணிதேவிக்குப் பதினைந்து நாளாக ஊதியிருந்தது.

"உண்மையோவோ!" என்று அவள் வெடித்தாள். "ராணி, நடுவில நிண்டு பார்த்தால் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு! கட்டினவனுக்குக் கண் கோணலோ எண்டு நானே கேட்டனான். வெளியில ரெண்டு கூர்க் கோபுரம். நடுவில குதிரையில ஒரு ராசா. மரச் சட்டம் வைச்ச வீடெல்லாம் ஒண்டின்ர தோளில ஒண்டு சாஞ்சு நிக்குது, எங்கட ஆக்கள் கள்ளுக் குடிச்ச மாதிரி. ஜனவரியிலயே புக் பண்ணினது. இவர் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு… எடி, வயிறு வெடிக்கப் பார்த்துது!"

"வீடியோ எடுக்கேல்லையோ?"

"எடுக்காமல்? நான்தான் எடுத்தனான். எல்லாத்திலயும் இவர்தான் நிக்கிறார். பின்னால கொஞ்சம் பிரான்சும் இருக்கு."

"அண்டைக்கு ஃபோன் வந்ததோ?"

தவமணிதேவி ஒரு கணம் தயங்கினாள். பயணம் அவளைத் தள்ளியது. "கோயில் வாசலில வந்தது. நான் இவரை எடுத்துக்கொண்டு நிக்க. பக்கத்தில குழல் ஊதினவங்கள், கேக்கேலாமல் கத்திக் கத்திக் கதைச்சவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நான் குழல்காரரைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"அந்தக் கசெற்றை ஒருக்காப் பார்ப்பமோ?"

"கமெராவுக்குள்ள கிடக்கு. அஞ்சலிக் கூட்டம் எடுக்கவெண்டு காலமை கொண்டு போட்டார். புதுக் கசெற் ஒண்டு குடுத்தனான். வேண்டாமாம், தொடக்கத்துக்குச் சுத்தி அதுக்கு மேலயே எடுக்கிறாராம்."

நீக்கிலாஸ் இரண்டாவது வடையை அப்படியே வைத்துவிட்டான். ஒரு மனிதன் தன் உல்லாசப் பயணத்தை அழிக்க ஊரின் துக்கத்தை எடுத்து மேலே பூசுகிறான். அவர் கத்தியபோது திருப்பிச் சொல்லியிருந்தால், சிந்துஜன் சொன்ன பெயர் அந்தக் கசெற்றில் இருக்கும்.

"கோயில் வாசல் எவ்வளவு தூரத்தில வரும்?" விமலராணி எழும்பிவிட்டாள்.

"முதல் ஆற்றங்கரை, பிறகு மதில், பிறகு சந்தை, இவர் அப்பம் மாதிரி ஒண்டு தின்றது… முக்கால் மணித்தியாலத்தில வரும்."

மணி இரண்டு முப்பத்தொன்று.

---

அன்று அந்த வண்டி ஓடிய வேகத்தை ஹேர்னிங் போக்குவரத்துக் கமெரா இரண்டு முறை படம் எடுத்தது. முதல் படத்தை அது நம்பவில்லை.

மண்டபத்தில் முந்நூறு பேர் தலை குனிந்து நின்றார்கள். மௌன அஞ்சலி. மேடையில் ஒலிவாங்கிக்கு முன் மகேந்திரராசா, கறுத்தக் கோட்டும் மூடிய கண்ணுமாக. இரண்டு நிமிடம் என்று அறிவித்தால் அவர் ஐந்து நிமிடம் நிற்பார். முன்வரிசையில் யாராவது மயங்கி விழுந்தால்தான் கண்ணைத் திறப்பார் என்று பேச்சு. பின்சுவரோரம் முக்காலியில் அவருடைய கமெரா தனியே நின்றது. சிவப்புப் புள்ளி எரிந்தது. மணி இரண்டு நாற்பத்திரண்டு.

"போ," என்றாள் விமலராணி மூச்சால்.

"மௌனம் மச்சாள். எல்லாரும் பார்ப்பினம்."

"எல்லாரும் நிலத்தைப் பார்க்கினம். போ!"

நீக்கிலாஸ் நடந்தான். அவனுடைய சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு தவளையை மிதித்தது. கமெராவை அடைந்தான். எந்தக் குமிழ் என்று தெரியவில்லை. தெரியாததை அமத்தி வேறு எதையாவது அழித்துவிட்டால்? மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். சிவப்புப் புள்ளி அணையவில்லை. உள்ளே மின்கலம் இருந்தது. மூடியைத் தேடி அதையும் பிடுங்கினான். புள்ளி அணைந்தது.

மேடையில் ஒரு கண் திறந்தது.

மகேந்திரராசா பார்த்தார். தன் கமெராவை முக்காலியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருக்கும் டாக்சிக்காரனைப் பார்த்தார். வாய் திறந்தது. ஆனால் முந்நூறு பேரையும் வாயை மூடச் சொன்னவர் அவர். ஒலிவாங்கி வேறு முன்னால் நின்றது. முகம் மட்டும் தக்காளியாகி, பிறகு கத்தரிக்காயானது. நீக்கிலாஸ் ஆழ்ந்த துயரத்தோடு அவருக்குத் தலை வணங்கிவிட்டு, சிலுவை சுமப்பவனைப் போல மெதுவாகக் குசினிப் பக்கம் போனான். பார்த்த இரண்டொருவர், இதுவும் நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்து இன்னும் தாழக் குனிந்தார்கள்.

குசினிக்குள் விமலராணி கதவைச் சாத்தி, கமெராவில் தொங்கிய வயரைச் சுவரில் செருகி, கசெற்றைக் கொஞ்சம் பின்னால் சுத்தினாள். கூடவே வந்த சரோஜினிதேவி கமெராவின் சின்னத் திரையை இரண்டு கையாலும் பிடித்தாள். மண்டபம் தெரிந்தது. குனிந்த தலைகள் தெரிந்தன. படம் ஒருமுறை கிழிந்தது. சட்டென்று வெயில்.

வெயிலில் மகேந்திரராசா வெள்ளைத் தொப்பியோடு ஏதோ மென்றுகொண்டு நின்றார். பின்னால் இருந்த கோயிலை அவருடைய வயிறு மறைத்திருந்தது. இரண்டு கோபுரங்கள் மட்டும் அவர் தலையில் கொம்பாக முளைத்திருந்தன. குழல் சத்தம் எழுந்தது. ஃபோன் அடித்தது. வெளிநாட்டு அழைப்பென்றால் நம்மவருக்குக் கம்பியில் நம்பிக்கை இல்லை. நேரே கடலைத் தாண்டிக் கேட்கட்டும் என்று கத்துவார்கள், கேட்டதை எல்லாம் திருப்பியும் கத்துவார்கள்.

"ஹலோ! ஆர்? பலத்துச் சொல்லு! … சிந்துஜனோ? ஆற்றை சிந்துஜன்? … சரோஜினியின்ர மகனோ! உயிரோட இருக்கிறியோ! நல்லது, நல்லது… கலியாண வீடோ? இஞ்ச ஒரு கலியாணமும் இல்லை, நீ விசயத்தைச் சொல்லு… என்ன பேரில பதிஞ்சனி? … என்ன? … என்ர பேரோ!"

குழல் நின்றது. தோல் பை மட்டும் இழுத்தது.

"ஏன்ராப்பா என்ர பேரைக் குடுத்தனி? … கையில என்ர துண்டுதான் இருந்ததோ? அதைப் பார்த்து வாசிச்சனியோ? டேய், அடுத்த வருசம் நான் கொழும்புக்கு வாறன்! எயாப்போட்டில என்னையெல்லோ பிடிப்பாங்கள்! மாத்து! உடன பேரை மாத்து! … அம்மாவுக்கோ? சொல்லுறன், சொல்லுறன், வை!"

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். தொப்பியைச் சரி பண்ணினார். கையை இடுப்பில் வைத்துக் கமெராவைப் பார்த்துச் சிரித்தார். "ம், இப்ப எடு."

குசினிக் கதவு திறந்தது. அதே சிரிப்பின் சொந்தக்காரர் மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"சரோஜினி, நான் சொல்லத்தான் இருந்தனான். ஒரு நேரம் பார்த்து…"

"நான் பிழை விட்டிட்டன், அண்ணை," என்றாள் விமலராணி. "ஊர் சுத்தினது தெரியவரும் எண்டு பயந்துதான் மறைச்சியள் எண்டு நினைச்சன். நீங்கள் பயந்தது அடுத்த பயணத்துக்கு."

"கொழும்பில பார்க்க இன்னும் இடம் மிச்சம் போல," என்றான் நீக்கிலாஸ். "போகேக்கை மின்கலத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கோ. என்ர பொக்கற்றில கிடக்கு."

சரோஜினிதேவி அவரை ஏசவில்லை. அழவுமில்லை. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கொழும்புக்கு அடித்தாள். "ஃபாதர், எழுதுங்கோ. மகேந்திரராசா." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவள் நிமிர்ந்து தலைவரைப் பார்த்தாள். "உங்கட இனிசியல் கேக்கினம்."

அவர் அன்று முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "பொ."

"பொ. மகேந்திரராசா," என்றாள் அவள். "என்ர மகன்."

வண்டிக்குத் திரும்பி நடக்கையில் நீக்கிலாஸுக்குப் பகிடி வரவில்லை. "மச்சாள், பேரை மாத்தச் சொன்னவரெல்லோ. பெடியன் பயந்து மாத்தியிருந்தால்?"

அன்றிரவு விமலராணி தூங்கவில்லை.

ஞாயிறு நண்பகல் தாண்டி ஃபாதர் எடுத்தார். முகாமின் முள்ளுக்கம்பியோரம் நின்று அந்தப் பெயரை மூன்று தரம் கூப்பிட்டாராம். முதல் தரம் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம், தண்ணீர் வரிசையில் நின்ற மெலிந்த ஒருவன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல, கையை உயர்த்தினானாம்.

"நீர்தானோ மகேந்திரராசா?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்போதைக்கு ஓம், ஃபாதர்," என்றானாம் அவன்.